நிக்ஸ் நிலவைக் கணினியில் சுழலவிடுதல்

புளூட்டோ என்றதும் நம்மில் பலருக்கு 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் பிராக் நகரில் எடுக்கப்பட்ட முடிவே நினைவுக்கு வரும். அனைத்துலக வானியல் ஒன்றியம் அன்றுதான் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து எடுத்துக் குறுங்கோள் என்ற புதிய வகையில் சேர்த்தது. அது சரியா, தவறா என்ற பட்டிமன்றம் இன்றும் ஓயவில்லை. இக்கட்டுரை அதற்குள் நுழையவில்லை. புளூட்டோவைச் சுற்றும் ஐந்து நிலவுகளுள் அதிகம் பேசப்படாத நிக்ஸைப் பற்றியது இது. அந்தச் சின்னஞ்சிறு நிலவை ஒரு விண்வெளிப் பயண மென்பொருளில் உருவாக்க முயன்றால் எவற்றையெல்லாம் கற்றுக்கொள்ள நேர்கிறது என்பதே இங்குப் பாடம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். குறுங்கோள் வேறு, சிறுகோள் வேறு. தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகத் திரண்டு, சூரியனைச் சுற்றி வந்தும், தன் பாதையில் பிற பொருள்களை விலக்கித் தனியாட்சி செய்யாதது குறுங்கோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெருங்கூட்டமாக அலையும் பாறைகள் சிறுகோள்கள். அடுத்தது, துணைக்கோள். தமிழ்ப்பள்ளியில் துணைக்கோள், செயற்கைக்கோள் என்ற இரு சொற்களையும் தனித்தனியே கற்ற எனக்கு, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இரண்டுக்கும் ‘சத்தேலிட்’ என்ற ஒரே சொல்லும் அதற்குப் பின்னால் ஓர் அடைமொழியும்தான் கிடைத்தன. இந்த ஒரு விஷயத்தில் தமிழ் சிக்கனமாகவே இருக்கிறது என்று அப்போது பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒன்றியம் ஏற்றுக்கொண்ட குறுங்கோள்கள் ஐந்து: சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மாக்கிமாக்கி, ஏரிஸ். சீரிஸ் நீங்கலாக மற்ற நான்கிற்கும் நிலவு உண்டு. புளூட்டோவின் பெரிய நிலவான சாரன் 1978இல் கண்டுபிடிக்கப்பட்டது. (நம் மூவேந்தர்களில் ஒருவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் கிரேக்கப் புராணத்துப் படகோட்டி.) 2005இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படங்களில் நிக்ஸும் ஹைட்ராவும் இரண்டு மங்கிய புள்ளிகளாகத் தென்பட்டன. கெர்பரோஸ் 2011இலும் ஸ்டிக்ஸ் 2012இலும் வந்து சேர்ந்தன. நிக்ஸ் என்பவள் இரவின் தெய்வம், சாரனின் தாய். அவள் பெயரை வழக்கமான எழுத்துக்கூட்டலில் ஏற்கனவே ஒரு சிறுகோளுக்கு வைத்துவிட்டதால், நடுவிலுள்ள ஓர் எழுத்தை மாற்றி இந்த நிலவுக்குச் சூட்டினார்கள். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடு காணாமற்போய் இரண்டும் நிக்ஸ்தான்!

இனி மென்பொருளுக்கு வருவோம். அதன் பெயர் ஆர்பிட்டர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் உருவாக்கி 2000ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்டார். இலவசமாகவே வழங்கப்பட்டு வந்த அதன் மூலநிரலும் 2021இல் பொதுவில் திறந்துவிடப்பட்டது. இதைக் கணினி விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுடுவதற்கு எதிரி இல்லை, சேர்ப்பதற்குப் புள்ளி இல்லை. நியூட்டனின் விதிகள் மட்டுமே இருக்கின்றன. அவை யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

இதில் புதிய விண்பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு போதும். வரிக்கு ஒரு விவரம்: நிறை, ஆரம், எதைச் சுற்றுகிறது, எவ்வளவு தொலைவில், எத்தனை நேரத்தில் தன்னைத்தானே சுற்றுகிறது, அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது. நான் கணக்கியல் மாணவி. கோப்பைப் பார்த்ததும் எனக்கு அது ஒரு பேரேட்டுப் பக்கம் போலத்தான் தோன்றியது. எங்கள் துறையில் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு சீட்டு இருக்க வேண்டும். சீட்டில்லாத எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எண்ணாகாது. ஆகவே நிக்ஸின் கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எழுத்தைக் குறித்துக்கொண்டேன். அளந்து கண்டதற்கு ‘அ’, கணக்கிட்டுப் பெற்றதற்கு ‘க’, ஊகத்திற்கு ‘ஊ’. அரைப்புள்ளிக்குப் பின் எழுதப்படுவதை மென்பொருள் படிப்பதில்லை. படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அளவில் தொடங்கலாம். நிக்ஸ் ஏறக்குறைய 50 கி.மீ. நீளம், 33 கி.மீ. அகலம், 31 கி.மீ. உயரம் கொண்டது. 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் புளூட்டோவைக் கடந்து சென்ற நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படங்களிலிருந்து கிடைத்த அளவு இது. நான் வசிக்கும் சாலாக் செலாத்தானில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை சிரம்பானைத் தொடும். கொமுட்டர் ரயிலில் போகிற தூரம்தான்! அகலவாக்கில் கிள்ளானைத் தாண்டிக் கொஞ்சம் போகும். ஆனால் கோப்பு கேட்பது ஒரே ஓர் ஆரத்தை. மூன்று அளவுகளையும் பெருக்கிக் கனமூலம் எடுத்துப் பாதியாக்கினால் 18.6 கி.மீ. வருகிறது. அந்த ஆரத்தில் மென்பொருள் ஒரு பந்தைச் செய்கிறது. உண்மையோ ஓர் உருளைக்கிழங்கு. கிழங்கின் கூர்முனைகள் பந்துக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டியவை. இந்த வரிக்கு ‘க’.

நிறை இதைவிடச் சுவையானது. ஒரு விண்பொருளின் நிறையை அறிய வேண்டுமானால், அது வேறொன்றை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். நிக்ஸுக்குத் துணைக்கோள் கிடையாது. ஆகையால் ஹைட்ரா முதலிய பக்கத்து நிலவுகளின் பாதையை அது எவ்வளவு நெளிக்கிறது என்பதைப் பல ஆண்டுப் படங்களை அடுக்கிவைத்துத்தான் கண்டறிய முடியும். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நிக்ஸின் நிறைக்குக் கொடுக்கப்பட்ட பிழைவரம்பு, ஏறக்குறைய நிறையின் அளவுக்கே இருந்தது. எங்கள் துறையில் இப்படி ஓர் எண்ணைக் கொண்டுவந்தால் தணிக்கையாளர் எழுந்து போய்விடுவார். ஹப்பிள் படங்களையும் நியூ ஹொரைசன்ஸ் படங்களையும் சேர்த்து ஆராய்ந்த 2023ஆம் ஆண்டு ஆய்வு அதைச் சுமார் 2.6 × 10¹⁶ கிலோகிராம் என்று இறுக்கிக் கொடுத்தது.

இந்த எண்ணை வைத்து வாசகர்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குகள் சில உண்டு. நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, ஆரத்தின் இருமடியால் வகுத்தால் நிக்ஸின் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும்: வினாடிக்கு வினாடி 0.005 மீட்டர். நம் பூமியில் அது 9.8. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கைநழுவும் பேனா அங்கே தரையைத் தொட 28 வினாடிகள் ஆகும். இங்கே அரை மீட்டர் எம்பிக் குதிக்கக்கூடிய ஒருவர் அதே வேகத்தில் அங்கே குதித்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் போய், இருபது நிமிடங்களுக்கு மேல் கழித்துத்தான் இறங்குவார். அதன் பிடியிலிருந்து முழுதாகத் தப்பத் தேவையான வேகம் வினாடிக்கு 13.7 மீட்டர், அதாவது மணிக்கு 49 கி.மீ. நம் வீட்டு முன்னால் பறக்கும் காப்சாய் மோட்டாருக்கு ஒரு சரிவுப் பலகை கிடைத்தால் போதும், அது புளூட்டோவுக்கே சொந்தமாகிவிடும்.

மென்பொருளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நிக்ஸின் மையத்திலிருந்து 30 கி.மீ. தொலைவில் ஒரு விண்கலத்தைச் சுற்றவிட்டால் அதன் வேகம் மணிக்கு 27 கி.மீ.தான். ஒரு சுற்று முடிய ஏழு மணி நேரம். மிதிவண்டி வேகத்தில் ஒரு நிலவைச் சுற்றிவருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

அடுத்த வரி சிக்கலானது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே. நிக்ஸ் எதைச் சுற்றுகிறது? ‘புளூட்டோவை’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் சாரனின் நிறை புளூட்டோவின் நிறையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இரண்டும் ஒரு பொது நிறைமையத்தை 6.387 நாள்களுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. அந்த மையம் புளூட்டோவின் நடுவிலிருந்து சுமார் 2,130 கி.மீ. தள்ளி இருக்கிறது. புளூட்டோவின் ஆரமோ 1,188 கி.மீ. ஆக, அந்த மையம் புளூட்டோவுக்கு வெளியே, வெட்டவெளியில் இருக்கிறது. நிக்ஸ் சுற்றுவது எந்தப் பொருளும் இல்லாத அந்த இடத்தை. கோப்போ, தாய்ப்பொருளின் பெயர் என்ன என்று கேட்கிறது. வெட்டவெளிக்குப் பெயர் ஏது?

இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைக் கெப்ளரின் மூன்றாம் விதியைக் கொண்டு சோதிக்கலாம். நிக்ஸின் தொலைவு அந்த மையத்திலிருந்து 48,694 கி.மீ. புளூட்டோவின் நிறை மட்டுமே இழுக்கிறது என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு 26.5 நாள்கள் வரும். புளூட்டோவையும் சாரனையும் சேர்த்து ஒரே புள்ளியில் வைத்தால் 25.0 நாள்கள். தொலைநோக்கியில் அளந்து கண்ட உண்மையான காலமோ 24.85 நாள்கள். முதல் வேறுபாட்டின் காரணம் எளிது; சாரனை விட்டுவிட்டோம். மிச்சமிருக்கும் அந்த நான்கு மணி நேரம் எங்கே போயிற்று?

காரணம் இதுதான். புளூட்டோவும் சாரனும் ஒரு புள்ளியில் இல்லை. சாரன் தன் சுற்றில் நிக்ஸின் பக்கம் வரும்போது இழுவை கூடுகிறது. எதிர்ப்பக்கம் போகும்போது குறைகிறது. ஆனால் நெருங்கும்போது கூடும் அளவு, விலகும்போது குறையும் அளவைவிட அதிகம், ஏனென்றால் ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கேற்ப மாறுவது. சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. உள்நோக்கி ஒரு சிறு இழுவை மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தைத் தாக்குப்பிடிக்க நிக்ஸ் சற்று வேகமாக ஓடுகிறது. பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை கெப்ளர் விதியை எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு மையத்தில் ஒரே புள்ளியாக நிறை இருந்தால்தான் அது துல்லியமாகப் பொருந்தும் என்பதை இந்த நான்கு மணி நேரம் உணர்த்திய அளவுக்கு எந்தத் தேர்வும் உணர்த்தவில்லை.

தீர்வு என்ன? மையத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொய்ப்பொருளை நிறுத்தி, அதை நிக்ஸின் தாயாக்கலாம். அதன் நிறையை 24.85 நாள்கள் வருமாறு சரிக்கட்டலாம். படம் சரியாக ஓடும். ஆனால் அந்தப் பொருளின் ஒவ்வொரு வரிக்கும் நான் எந்த எழுத்தைப் போடுவது? ‘ஊ’ கூடச் சேராது, ஏனெனில் அப்படி ஒன்று இல்லை என்பது உறுதியாகத் தெரியும். நான்காவது எழுத்தாகப் ‘பொ’ சேர்த்தேன். பொய் என்று தெரிந்தே வைக்கும் பொய் என்பதால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கணிதத்தில் நாம் வரையும் துணைக்கோடும் அப்படிப்பட்டதுதானே?

சுழற்சி வரி இன்னும் சங்கடமானது. நம் நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. பெரும்பாலான பெரிய துணைக்கோள்கள் அப்படியே. நிக்ஸ் அப்படியில்லை. 2015 ஜூன் மாதம், விண்கலம் சென்றடைவதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்க் ஷோவால்ட்டர், டக்ளஸ் ஹாமில்ட்டன் இருவரும் ஹப்பிள் படங்களில் நிக்ஸின் ஒளி கூடிக் குறைவதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்டு கிடக்கும் உடலை, ஓயாமல் இடம் மாறும் இரு பெரும் பொருள்கள் ஆளுக்கொரு பக்கம் முறுக்குவதால், அதன் சுழற்சி ஒழுங்கின்றித் தடுமாறக்கூடும் என்பது அவர்கள் முடிவு. பிறகு விண்கலம் அளந்தது: ஒரு சுழற்சிக்கு 1.829 நாள்கள், அதாவது சுமார் 44 மணி நேரம். அச்சின் சாய்வு 132 பாகை. தொண்ணூற்றைத் தாண்டியதால் அது தன் பாதைக்கு எதிர்த்திசையில் உருள்கிறது. அண்டை நிலவு ஹைட்ரா இன்னும் ஒருபடி மேலே போய், பத்து மணி நேரத்திற்கொரு முறை சுழல்கிறது. ஒரு முறை சுற்றி வருவதற்குள் தன்னைத்தானே 89 முறை சுற்றிவிடுகிறது.

44 மணி நேரம் அளந்த எண், ஐயமில்லை. ஆனால் அது 2015ஆம் ஆண்டின் எண். ‘தடுமாற்றம்’ என்ற சொல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்சும் வேகமும் காலப்போக்கில் மாறக்கூடியவை என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி. கோப்பில் மாறக்கூடிய எண்ணுக்கு இடமில்லை. ஒருமுறை எழுதிவிட்டால், கி.பி. 3000இல் எந்த மணிக்கு நிக்ஸின் எந்த மேட்டில் சூரியன் உதிக்கும் என்பதைக்கூட மென்பொருள் தயங்காமல் சொல்லும். அதன் தயக்கமின்மைதான் எனக்குக் கவலை. திரையில் எல்லா எண்களும் ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில், ஒரே தசமத் துல்லியத்தில் நிற்கின்றன. ஆண்டுக்கணக்கில் அளந்த சுற்றுக்காலமும், ஒரு கடப்பில் கிடைத்த சுழற்சியும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன.

கடைசியாக மேற்பரப்பு. நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவின் அருகே வினாடிக்குச் சுமார் 13.8 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து சென்றது. நிக்ஸிலிருந்து தப்பத் தேவையான வேகத்தைப்போல் இது ஆயிரம் மடங்கு. நின்று பார்க்க வழியில்லை. நிக்ஸ் மெல்ல உருண்டுகொண்டிருக்க, ஒரு பக்கம் மட்டுமே நன்றாகப் படத்தில் விழுந்தது. சாம்பல் நிறப் பரப்பு, நடுவில் ஒரு பெரிய குழி, அதைச் சுற்றிச் செந்நிறச் சாயல். 1,65,000 கி.மீ. தொலைவிலிருந்து எடுத்த வண்ணப்படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். முழு நிலவும் பதினாறு, பதினேழு புள்ளி நீளத்தில் அடங்கிவிடுகிறது. ஒளிப்பிரிகை ஆய்வில் நீர்ப்பனி தெரிந்தது. அந்த ஆண்டு நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. யுபிஎஸ்ஆர் தேர்வுக் கெடுபிடியில் இந்தச் செய்தி என் காதில் விழவே இல்லை.

மென்பொருளுக்கு முழு உருண்டைக்கும் தோல் வேண்டும். பார்த்த பக்கத்திற்குப் படம் இருக்கிறது. மறுபக்கத்திற்கு? பலரும் செய்வது, நம் நிலாவிலிருந்தோ வேறெங்கிருந்தோ குழிகளைக் கடன் வாங்கி ஒட்டிவிடுவது. அழகாகத்தான் இருக்கும். அடுத்து வருபவர் அந்தக் குழிக்குள் இறங்கிப் படமெடுத்து நண்பர்களுக்குக் காட்டுவார். சில ஆண்டுகளில் அந்தக் குழி இருப்பதாகவே நாலு பேர் நம்புவார்கள். நான் மறுபக்கத்தை வெறும் சாம்பல் நிறமாக, ஒரு கோடுகூட இல்லாமல் விட்டிருக்கிறேன். படிவம் ஐந்தில் படிக்கும் என் தம்பி பார்த்துவிட்டு, “அக்கா, இந்தப் பக்கம் சாயம் அடிக்க மறந்துட்டியா?” என்றான். யாரும் நன்றாகப் பார்க்காத பக்கம் என்றேன். “அப்போ அங்க என்ன வேணும்னாலும் இருக்கலாமா?” என்றான். குழிகள் நிறைந்த அழகான மறுபக்கம் ஒன்றைக் காட்டியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது. இதை ஏற்காத நண்பர்களும் இருக்கிறார்கள். கற்பனையும் அறிவியலின் ஒரு பகுதிதான் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. பக்கத்தில் ‘ஊ’ போட்டுவிட்டு வரையட்டும்.

நிக்ஸின் மேல் இறங்கி நின்று மேலே பார்ப்பதற்கு மட்டும் எந்த ஊகமும் தேவையில்லை. தொலைவும் விட்டமும் இருந்தால் போதும். புளூட்டோ நம் முழுநிலவைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான அகலத்தில் தெரியும். சாரன் மிக அருகில் வரும்போது நிலவைப்போல் நான்கு மடங்கு, எதிர்ப்பக்கம் போகும்போது இரண்டு மடங்கு. 8.6 நாள்களுக்கொரு முறை அது இப்படிப் பெருத்துச் சிறுக்கும். நம் நிலா வளர்ந்து தேய்வது ஒளியால். சாரன் ஒளியில் மட்டுமன்றி உருவிலேயே வளர்ந்து தேய்கிறது. அதன் குழிகளுள் ஒன்றுக்கு 2018இல் ஒன்றியம் ஏற்ற பெயர் ரேவதி. தந்தையோடு பிரம்மலோகம் சென்று திரும்புவதற்குள் பூமியில் யுகங்கள் கழிந்துவிட்டன என்று புராணம் சொல்லும் அதே ரேவதிதான். மென்பொருளில் காலத்தை ஆயிரம் மடங்கு வேகமாக ஓடவிட்டால் சாரன் விரிந்து சுருங்கும் ஒரு சுற்று பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். கையில் ஒரு கோப்பைத் தேநீரோடு பார்க்கலாம்.